ஏழாம் இலக்க நிலையத்தின் பன்னிரண்டாவது குடும்பம்

அந்தக் கார்த்திகை வெள்ளத்தின்போது சிவகௌரி எட்டு நாட்கள் தன் சொந்த வீட்டிலேயே அகதியாக இருந்தாள். இதைச் சொன்னால், ஏதோ மனவருத்தத்தில் சொல்லும் பேச்சு என்று நினைத்துக் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். பேச்சல்ல. படிவத்தில் அப்படித்தான் இருந்தது. கீழே கையெழுத்தும் அவளுடையதுதான், இரண்டு இடங்களில்.

கொக்குவிலில் இருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம் மிதித்தால் வயலோடு முட்டிக்கொண்டு நிற்கும் குறிச்சி தாழங்குளம். அங்கே அவளுக்கு ஒரு வீடும், வளவின் முன்பக்கத்தில் தகரக் கொட்டிலில் ஒரு அரைக்கும் மில்லும் இருந்தன. மிளகாய், மல்லி, அரிசி, காய்ந்த பனங்கிழங்கான ஒடியல் எல்லாம் அரைப்பாள். ஐம்பத்தேழு வயது. ஊரில் மில்லக்கா என்றால்தான் தெரியும். கணவன் கேதீஸ்வரன் மாரடைப்பில் போய் ஆறு வருடம். ஒரே மகள் நிவேதனா வவுனியாவில் கலியாணம் முடித்து அங்கேயே வேலையும் பார்த்தாள்.

வீட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கேதீஸ்வரன் இளவயதில் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவன். அது மூடிய பிறகு மேசன் வேலைக்குப் போனான். தொண்ணூற்றைந்தில் ஊரோடு சேர்ந்து தென்மராட்சிக்கு ஓடியபோது, சிவகௌரி ஒரு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழைக்குள் நிவாரண வரிசையில் நின்றாள். பெயர் கூப்பிடும்வரை நிற்க வேண்டும். கூப்பிடும்போது அங்கே இல்லாவிட்டால் மறுநாள் மறுபடியும் முதலில் இருந்து நிற்க வேண்டும். இனி ஒரு பட்டியலிலும் என் பெயர் வராது என்று அவள் அன்று கணவனிடம் சொன்னாள். அவன் ஊர் திரும்பிப் பல வருடம் கழித்து, இரண்டாயிரத்து எட்டில் வெள்ளம் வந்து வடிந்ததும், பழைய வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டான். புது வீட்டின் அத்திவாரத்தை அந்தக் கோட்டுக்கு மேலே நாலு அடி உயர்த்தினான். ஏறிப் போக ஒன்பது படி. கப்பல் கட்டப் போகிறாயோ என்று ஒழுங்கையில் போனவர்கள் எல்லாம் கேட்டார்கள். அவன் இன்னொரு வரி கல் வைத்தான். மில்லை மட்டும் நிலமட்டத்திலேயே விட்டான். மிளகாய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒன்பது படி ஏற ஒருவரும் வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் சிவகௌரி கதவைத் திறந்தபோது ஒழுங்கை இருந்த இடத்தில் குளம் இருந்தது. ஐந்தாம் படியை நனைத்துக்கொண்டு தண்ணீர் நின்றது. மில் கொட்டிலுக்குள் மோட்டார் மூழ்கிவிட்டது. அதை நினைத்து அழுவதற்கு அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. சனம் வரத் தொடங்கிவிட்டது.

முதலில் வந்தது லவீனா, நாற்பது நாள் குழந்தையைப் பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்துத் தலையில் சுமந்தபடி. பின்னால் ஒவ்வொரு குடும்பமாக வந்தது. பத்து மணிக்குள் பதினொரு குடும்பம், முப்பத்தெட்டுப் பேர், நாலு ஆடு, ஒரு மோட்டார் சைக்கிள். மோட்டார் சைக்கிளை நாலு பேர் பிடித்து ஒன்பது படியும் ஏற்றினார்கள். வெங்காயத் தறை முழுக்க அழுகிப்போன சின்னாச்சி ஒரு மூலையில் போய்க் குந்தினாள்.

கடைசியாக வந்தவள் பக்கத்து வளவு உதயகலா. காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் இருபது வருடம் எழுத்து வேலை பார்த்தவள், தனியாக இருப்பவள். மில்லின் மிளகாய்த் தூள் தன்னை ஓயாமல் தும்ம வைக்கிறது என்று நாலு வருடத்துக்கு முன் மேலிடத்துக்கு மூன்று பக்க மனு அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் முகம் பார்ப்பதில்லை. உறுதிகள் வைத்த பையைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவள் ஆறாம் படியில் நின்றாள். மேலே ஏறவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

"நனையாமல் உள்ளை வாங்கோ" என்றாள் சிவகௌரி.

"ஓம்" என்று சொல்லி அவள் ஏறி வந்தாள். நாலு வருடப் பகையில் அன்று நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அன்று முழுக்கச் சிவகௌரி வீட்டில் இருந்த மாவை எல்லாம் புட்டாக அவித்தாள். படுக்கையறையை லவீனாவுக்கும் குழந்தைக்கும் கொடுத்துவிட்டாள். ஆறு வருடமாக அவளுடைய குரல் மட்டும் கேட்ட வீட்டில் முப்பத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தாலும், அன்று அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள்.

சனம் வந்த இரண்டாம் நாள், கிராம சேவகரான விதானையார் அருட்செல்வன் ட்ரக்டரில் வந்து சேர்ந்தான். வயது முப்பதுக்குள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். சமைத்த சாப்பாடும் பாயும் இடம்பெயர்ந்தவர்களுக்கெனப் பதிவு செய்த நிலையத்துக்கு மட்டும்தான் கொடுக்க முடியும் என்றான். ஆகவே வீட்டை நிலையமாகப் பதிந்துவிடலாம் என்றும் சொன்னான். அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. சிவகௌரி தலையாட்டினாள். அரை மணித்தியாலத்தில் கேற்றில் பதாகை கட்டியாயிற்று. இடைத்தங்கல் நிலையம், இலக்கம் ஏழு. பதாகையின் பாதி தண்ணீருக்குள் இருந்ததால் இலக்கம் மட்டும்தான் தெரிந்தது.

பின்னேரம் முப்பத்தெட்டுச் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. சிவகௌரி கையை நீட்டியபோது அருட்செல்வன் பட்டியலைப் பார்த்தான்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் உங்கடை வீட்டிலைதானே இருக்கிறியள். இடம்பெயரேல்லையே."

அது சரிதான் என்று அவளுக்கும் பட்டது. குசினிக்குள் போய் ஒரு கை அரிசி போட்டுக் காய்ச்சலாம் என்று எழும்பினாள். குசினி வாசலில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சுகாதாரக் காரணங்களுக்காக நிலையத்துக்குள் தனித்தனியே சமைக்கக் கூடாதாம். பொதுச் சமையலுக்கு ஒரு குழு உண்டு. குழுவில் சேரப் பதிவு இலக்கம் வேண்டும். அவளுடைய அரிசிப் பானை குழுவின் பொறுப்பில் போய்விட்டது. கொப்பியில் அதை "நலன்விரும்பி ஒருவரின் நன்கொடை" என்று வடிவான எழுத்தில் எழுதியிருந்தாள் உதயகலா. அவள்தான் நிலையத்தின் செயலாளர்.

செயலாளர் என்றால் தலைவரும் இருக்க வேண்டுமே. அன்று காலை குடும்பத்துக்கு ஒரு வாக்கு என்று தேர்தல் நடந்தது. சிவகௌரி வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவளுக்கு வாக்கு இல்லை. நமசிவாயம் ஒருமனதாகத் தெரிவானார். பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவரிடம் நேரம் கேட்க ஒருவரும் வராததால் கொஞ்சம் வாடிப்போயிருந்த மனுசன். பதவி ஏற்ற பத்தாவது நிமிடம் குளியலறைக்கு நேர அட்டவணை போட்டார். லவீனா குடும்பம் ஐந்து பத்தில் இருந்து ஐந்து பதினெட்டு வரை. அடுத்த குடும்பம் ஐந்து இருபதுக்கு. இடையில் இரண்டு நிமிடம் ஆள் மாற. பதினொரு குடும்பமும் அட்டவணையில் இருந்தன. குளியலறைக்கு ஓடு பதிப்பித்தவளின் பெயர் இல்லை.

"அண்ணை, நான் எப்ப போறது?" என்று சிவகௌரி கேட்டாள்.

நமசிவாயம் கண்ணாடியைப் போட்டு அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உண்மையிலேயே தேடினார். பிறகு, "இதிலை இடமில்லைப் பிள்ளை. யாரும் பிந்தினால் பாப்பம்" என்றார். அவருடைய ஆட்சியில் ஒருவரும் பிந்தவில்லை.

முதல் இரண்டு நாளும் லவீனா தன் பார்சலில் பாதியை அவளுக்குக் கொடுத்தாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும் பெண்ணின் சோற்றைப் பறித்துத் தின்பதுபோல் இருந்தது சிவகௌரிக்கு. நாலாம் நாள் அருட்செல்வன் வந்தபோது அவனை ஒரு கதிரையில் இருத்தி, தன் நிலைமையை விளக்கினாள். அவன் இரக்கத்தோடு கேட்டான். மேலிடத்துக்குத் தொலைபேசி எடுத்தான். மேலிடம் இன்னொரு மேலிடத்தைக் கேட்டது. கடைசியில், இடம்பெயர்ந்தவர் என்று ஆனால் எல்லாம் சரிவரும் என்று பதில் வந்தது. இடம்பெயர, தண்ணீர் நிற்கும் ஓர் இடத்தில் அவள் முன்பு வசித்திருக்க வேண்டும்.

"மில்லுக்குள்ளை தண்ணி நிக்குதுதானே" என்றான் அருட்செல்வன் மெதுவாக.

அதற்கு ஆதாரம் வேண்டும். வீட்டுக்காரியாய் இருந்துகொண்டு மில்லில் வசித்தாள் என்பதை எப்படிக் காட்டுவது? மூன்று பேரும் யோசித்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாவது ஆள், கொப்பியோடு பக்கத்தில் இருந்த உதயகலா. அவள் எழும்பிப் போய்த் தன் பையில் இருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். நாலு வருடத்துக்கு முந்திய மனுவின் பிரதி. இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள். "மேற்படி சிவகௌரி என்பவர் இரவு பகலாக மேற்படி மில்லிலேயே இருப்பதனால்" என்று இருந்தது. திகதியும், கிடைத்ததற்கான இறப்பர் முத்திரையும் இருந்தன.

அருட்செல்வன் அதை இரண்டு தரம் வாசித்தான். இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது என்றான். சிவகௌரி உதயகலாவைப் பார்த்தாள். உதயகலா கொப்பியைப் பார்த்தாள்.

படிவம் நிரப்பத் தொடங்கினார்கள். முன்பு வசித்த இடம், அரைக்கும் மில். தற்போது தங்கியிருக்கும் இடம், சிவகௌரியின் வீடு. வீட்டு உரிமையாளருக்கும் இவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் பேனை நின்றது. தானே என்று எழுதலாமே என்றாள் சிவகௌரி. தானே என்று எழுதினால் படிவம் திரும்பி வரும் என்றான் அருட்செல்வன். உறவு இல்லை என்று எழுதுவது பொய். நெடுநேரம் யோசித்துத் "தூரத்து உறவு" என்று எழுதினான். கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். தங்க விரும்புபவர் ஒன்று வைக்க வேண்டும். தங்க வைக்கச் சம்மதிக்கும் உரிமையாளர் மற்றதை வைக்க வேண்டும். சிவகௌரி முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு, இரண்டாவதற்குப் போகமுன் கொஞ்சம் நிறுத்தினாள். வரிசையும் மழையும் இடுப்புப் பிள்ளையும் நினைவுக்கு வந்தன. கேதீஸ்வரன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான் என்று நினைத்தாள். பசித்தது. போட்டாள்.

இப்படித்தான் அவள் பன்னிரண்டாவது குடும்பமானாள். ஒரு பாய், ஒரு சவர்க்காரம், ஒரு வாளி கிடைத்தன. விறாந்தைக் கதவுக்குப் பின்னால் ஆறடிக்கு மூன்றடி இடம் கிடைத்தது. குளியலறைக்கு ஏழு மணியில் இருந்து ஏழு ஐந்து வரை. தனி ஆள் என்பதால் ஐந்து நிமிடம்தான். நமசிவாயம் அதை எழுதிச் சேர்த்தபோது அவருக்கும் ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

சமையற்குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவள் தன் குசினியில், தன் கத்தியால், மூன்று கிலோ வெங்காயம் உரித்து அரிந்துகொண்டிருந்தபோது எங்கிருந்தோ ஒரு குழு வள்ளத்தில் வந்திறங்கியது. ஒருவர் கையில் கமரா இருந்தது. அவர் குசினி யன்னலால் எட்டிப் பார்த்தார். பிறகு நடந்தது பின்னேரம்தான் தெரிய வந்தது. வவுனியாவில் இருந்து நிவேதனா அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தாள். முகநூலில் அம்மாவின் படம் இருக்கிறதாம், கண்ணால் நீர் ஒழுக. வீடு வாசல் அனைத்தையும் இழந்த தாய் என்று கீழே எழுதியிருக்கிறதாம்.

"அம்மா, எங்கடை வீடு போட்டுதோ?"

"வீடு எங்கையும் போகேல்லை. நான் வீட்டிலைதான் நிக்கிறன்."

"அப்ப ஏன் முகாமிலை எண்டு போட்டிருக்கு?"

"முகாமும் இதுதான் பிள்ளை."

மகள், அம்மாவுக்குத் தலையில் அடிகிடி பட்டதோ என்று பக்கத்தில் யாரையாவது கேட்க வேண்டும் என்றாள். தொலைபேசி உதயகலாவின் கைக்குப் போனது. அவள் இருபது நிமிடம் முதலில் இருந்து கடைசிவரை ஒழுங்காக விளக்கினாள். தன்னைப் பற்றி இவ்வளவு விபரமும் அவளுக்குத் தெரியும் என்று சிவகௌரிக்கு அன்றுதான் தெரிந்தது. முழங்கால் நோவுக்கு எந்த எண்ணெய் பூசுகிறாள் என்பதுகூடத் தெரிந்திருந்தது.

ஏழாம் நாள் மழை விட்டது. ஒன்பதாம் நாள் ஒழுங்கையில் சேறு தெரிந்தது. சனம் ஒவ்வொன்றாகப் படியிறங்கியது. ஆடுகள் போயின. மோட்டார் சைக்கிளை இறக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். லவீனா போகும்போது குழந்தையைச் சிவகௌரியின் மடியில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். சின்னாச்சி மட்டும் படியில் நின்று, இனி எதைக் கொண்டு நடுவது என்று தனக்குள் கேட்டுக்கொண்டு போனாள்.

எல்லாரும் போனபின் ஒருத்தி மிச்சம். அவளை அனுப்ப முடியவில்லை. மற்றவர்களுக்கு வீடு இருந்தது. அவள் வசித்தது மில்லில். மீளக் குடியமர முன் அந்த இடத்தைச் சுகாதாரப் பரிசோதகர் பார்க்க வேண்டும். அவர் வந்து, சேறு பூசிய இயந்திரத்தையும் தகரத்தையும் பார்த்து, இது மனிதர் வசிக்கத் தகுந்த இடமல்ல என்று எழுதிவிட்டுப் போனார். அவரையும் குறைசொல்ல முடியாது. ஆகவே ஏழாம் இலக்க நிலையம் தொடர்ந்து இயங்கியது.

ஒவ்வொரு நாளும் மத்தியானம் ட்ரக்டர் ஒரே ஒரு பார்சலை ஏற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு காலையும் நமசிவாயம் சேற்றுக்குள்ளால் நடந்து வந்து இடாப்பு எடுத்தார்.

"சிவகௌரி."

"ஓம் அண்ணை."

வருகை ஒன்று என்று எழுதுவார். மத்தியானம்வரை நிற்பார். பிறகு இருவரும் மேல்படியில் இருந்து அந்தப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். ஆட்கள் போனபின் சமைக்கவும் அவளுக்கு அனுமதி இல்லை. குழுவில்லாமல் பொதுச் சமையல் இல்லையாம். படுக்கையறை காலியாக இருந்தும், பழக்கதோசமோ என்னவோ, கதவுக்குப் பின்னால் பாயிலேயே படுத்தாள். முப்பத்தெட்டுப் பேரின் சத்தத்துக்குப் பிறகு வீடு முந்தியைவிட வெறுமையாக இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை உதயகலா வந்தாள். சேற்றுக் காலைப் படியில் தேய்த்துவிட்டு மேலே வந்து ஒரு தாளை நீட்டினாள். இரவிரவாக யோசித்தாளாம். நிலையத்தை மூட வழி ஒன்று இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சம்மதத்தை மீளப் பெறலாம். கடிதம் சுருக்கமாக இருந்தது. எனது வீட்டில் தங்கியிருக்கும் சிவகௌரி என்பவரை மேற்கொண்டு வைத்திருக்க என்னால் இயலாது என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன். இப்படிக்கு, சிவகௌரி.

"நான் எங்கை போறது?" என்றாள் சிவகௌரி.

"என்ரை வீட்டுக்கு வாங்கோ. வேறை எங்கை போவியள்?"

அருட்செல்வன் வந்து கடிதத்தை வாசித்தான். செல்லுபடியாகும் என்றான். ஆனால் அவள் வெளியேறுவதைத் தான் கண்ணால் காண வேண்டும். சிவகௌரி ஒரு கடைப் பையில் சீலை ஒன்றும் சவர்க்காரமும் வைத்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டைப் பூட்டித் திறப்பை அவனிடம் கொடுத்தாள். ஒன்பது படியும் இறங்கினாள். நமசிவாயம் கீழே இடாப்போடு நின்றார். மணிக்கூட்டைப் பார்த்து, ஒன்பது இருபத்தேழு என்று எழுதி, அவளுடைய பெயரின் மேல் கோடு இழுத்தார். "நல்லபடியாப் போட்டு வாங்கோ பிள்ளை" என்று சொல்லி இடாப்பை மூடினார். நாளைக்குக் காலை அவருக்கு இடாப்பு எடுக்க ஒருவரும் இல்லை.

சிவகௌரி கேற்றைத் தாண்டும்போது திரும்பி வீட்டைப் பார்த்தாள். வெளியில் இருந்து பார்க்க உண்மையில் அது கொஞ்சம் உயரம்தான்.

உதயகலாவின் வீடு படங்களில் பார்க்கிற வெள்ள வீடு. சுவரில் நெஞ்சளவுக்குச் சேற்றுக்கோடு. மெத்தை ஊறி மதிலில் சாய்ந்திருந்தது. இருபது வருடம் அவள் எழுதிய உறுதிகளின் பிரதிகள் கொடியில் சீலைபோல் காய்ந்துகொண்டிருந்தன. நிலையத்தில் இருந்த நாளெல்லாம் மற்றவர்களின் பெயர்களைக் கொப்பியில் வடிவாக எழுதியவள், தன் வீட்டில் என்ன போனது என்று ஒருவரிடமும் வாய்திறந்து சொல்லவில்லை. ஈரவிறகை ஊதி ஊதி ஒருமாதிரித் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். புகை மணந்தது. இருக்க ஒரே கதிரைதான் தப்பியிருந்தது. அதைச் சிவகௌரிக்குத் துடைத்துப் போட்டாள்.

சிவகௌரி இருக்கவில்லை. தேத்தண்ணியை யன்னல் கட்டில் வைத்துவிட்டுச் சீலையைத் தூக்கிச் செருகினாள். தகரத் தட்டு ஒன்றை எடுத்து மூலையில் இருந்து சேற்றை வழிக்கத் தொடங்கினாள். உதயகலா வேண்டாம் என்றாள். பிறகு தானும் ஒரு தட்டை எடுத்தாள். மில் மோட்டாரைக் கம்பி சுற்றக் கொடுத்தால் எத்தனை நாள் செல்லும் என்று கேட்டாள். மூன்று கிழமை எண்டு சொல்லுறாங்கள் என்றாள் சிவகௌரி.

அரை அறை வழித்திருப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அருட்செல்வனின் தலை தெரிந்தது. பதாகையைக் கழற்றிச் சுருட்டியாயிற்று. நிலையம் மூடியாயிற்று. இனி உரிமையாளர் வந்து கையெழுத்து வைத்துத் திறப்பைப் பெற்றுக்கொண்டால் சரி. வீட்டுக்காரி எங்கே என்று கேட்டான்.

"இஞ்சைதான் நிக்கிறா" என்றாள் உதயகலா. "தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வருவா. இருங்கோ தம்பி."

சிவகௌரி கையைக் கழுவி, ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்தாள். அவசரப்படாமல் குடித்தாள்.